குழலில் ஓர் எண், உடலில் ஓர் எண்

சென்னைக் கடற்கரையிலுள்ள நொச்சிக்குப்பத்தில் இரும்புக்கு ஆயுசு குறைவு. அடுக்குமாடி வீடுகளின் ஜன்னல் கம்பி, லூப் ரோட்டில் நிற்கும் மீன்பாடி வண்டியின் சங்கிலி, கரையில் இழுத்துப் போட்டிருக்கும் படகின் இன்ஜின் போல்ட் எல்லாமே ஊருக்குள் இருக்கும் தம் பங்காளிகளைவிடச் சீக்கிரம் மூப்படைந்துவிடும். அங்கிருந்து காமராஜர் சாலைக்கு நடந்து வந்தால், மயிலாப்பூர் எல்லைக்குள்ளேயே தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் தலைமையகம் இருக்கிறது. 1849-இல் மதராஸ் ராஜதானியில் தொடங்கப்பட்ட ரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடத்தின் வாரிசு அது. இந்தியாவில் அந்த வகையில் அதுவே முதல். இரும்பை அரிக்கும் உப்புக்காற்றும், அரித்த இரும்பிடமிருந்து வாக்குமூலம் வாங்கும் வேதியியலும் இப்படி ஒரே கடற்கரையில் அக்கம்பக்கமாக வசிக்கின்றன. பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றின் கதையைப் புரிந்துகொள்ள இந்த இரண்டும் வேண்டும்.

மதராஸில் அத்தகைய துப்பாக்கிகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஏரிக்கரைகளிலும் சதுப்புகளிலும் உள்ளான் சுடுவது வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் அவர்களோடு பழகிய வக்கீல், ஜமீன்தார் வகையறாவுக்கும் குளிர்காலப் பொழுதுபோக்கு. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை போயிற்று, துப்பாக்கி வீட்டோடு தங்கிவிட்டது. தாத்தா பெயரிலிருந்த லைசென்ஸ் அப்பா பெயருக்கும், அங்கிருந்து பேரன் பெயருக்கும் மாறும். அந்தத் துப்பாக்கி வெளியே வரும் ஒரே சந்தர்ப்பம் தேர்தல். அறிவிப்பு வெளியானதும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஏட்டு லைசென்ஸ் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, “நம்பர் எங்க சார் போட்டிருக்கு?” என்று கேட்பார். விசையைச் சுற்றி வளைந்திருக்கும் காப்பு வளையத்தின் வாலில் எண் இருக்கும். புத்தகத்தோடு ஒத்துப்போகும். ரசீது கிடைக்கும்.

சிக்கல் எழுவது, யாராவது துப்பாக்கியை மடக்கித் திறந்து குழலைக் கழற்றிப் பார்க்கும்போதுதான். குழலின் அடிப்பாகத்தில், தோட்டா உட்காரும் அறைக்குக் கீழே, இரண்டு தட்டையான பரப்புகள் உண்டு. துப்பாக்கியின் உடலில், அதாவது பட்டறைக்காரர்கள் ‘ஆக்‌ஷன்’ என்று சொல்லும் எஃகுப் பெட்டியில், அவற்றை ஏந்திக்கொள்ளும் இரண்டு தட்டைப் பரப்புகள். மூடியிருக்கும்போது இந்த நான்கும் முகத்தோடு முகம் வைத்து ஒளிந்திருக்கும். ஒழுங்காகச் செய்த ஆங்கிலேயத் துப்பாக்கியில் காப்பு வளையம், ஆக்‌ஷன், குழல், குழலுக்குக் கீழே கை பிடிக்கும் கட்டையின் இரும்பு ஆகிய எல்லாவற்றிலும் ஒரே வரிசை எண் இருக்கும். உள்ளே இருக்கும் சின்ன உறுப்புகளில் கடைசி ஓரிரு இலக்கங்களை மட்டும் போட்டிருப்பார்கள். ஆக்‌ஷனில் ஓர் எண்ணும் குழலில் வேறோர் எண்ணும் இருந்தால், வாரிசின் முகம் வெளிறிப்போகும்.

வெளிற வேண்டியதில்லை. முதலில் அது வரிசை எண்தானா என்று பார்க்க வேண்டும். குழலின் அடித்தட்டு ஒரு பஞ்சாயத்துச் சுவர் மாதிரி. ஆளாளுக்கு எதையாவது எழுதிவைத்திருப்பார்கள். குழலைத் திரித்தவரின் முதலெழுத்து, துளையின் அளவு, அறையின் நீளம், சோதனைச் சாலையின் முத்திரை எல்லாம் அங்கேதான். 1875-இல் பர்மிங்காமில் ஆன்சன், டீலி என்ற இருவர் காப்புரிமை பெற்ற பூட்டு அமைப்பை மற்றப் பட்டறைகளும் பணம் கட்டிப் பயன்படுத்தின. அப்படிப் பயன்படுத்திய கணக்குக்காகத் தனியாக ஓர் எண்ணை அடித்தார்கள். அது வரிசை எண்ணைப் போலவே பெரிதாகக் கண்ணில் படும். லைசென்ஸ் எழுதியவர் அவசரத்தில் அதைப் பார்த்து எழுதிவிட்டால், துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லாமலே மூன்று தலைமுறைக்குப் பொருந்தாத எண் தொடரும். இன்னொன்று, வசதியுள்ளவர்கள் ஒரே துப்பாக்கிக்கு இரண்டு ஜோடிக் குழல்கள் வாங்குவார்கள். அருகில் பறக்கும் உள்ளானுக்கு ரவை அகலமாகப் பரவும் குழல், தொலைவில் போகும் தாராவுக்கு வாய் குறுகிய குழல். அவற்றில் ஒரே வரிசை எண்ணோடு 1, 2 என்று அடையாளம் இருக்கும்.

இதையெல்லாம் கழித்தபின்னும் எண்கள் ஒத்துவரவில்லை என்றால், குழல் மாற்றப்பட்டிருக்கிறது. ஏன் மாற்றினார்கள் என்ற கேள்விக்குப் பதில் நொச்சிக்குப்பத்து ஜன்னல் கம்பியிலேயே இருக்கிறது.

பழைய தோட்டாவின் பின்புறத்திலுள்ள கேப்பில், அடி விழுந்ததும் பொறி கக்குவதற்காகப் பொட்டாசியம் குளோரேட் கலந்திருந்தது. அது எரிந்தபின் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. நம் சமையல் உப்பின் ஒன்றுவிட்ட சகோதரன். ஒவ்வொரு முறை சுடும்போதும் குழலின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத உப்புப் பூச்சு ஒன்று படியும். கரிமருந்தின் எச்சமும் ஈரத்தை இழுக்கும் சுபாவம் கொண்டதுதான். உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஒரு வரம்பைத் தாண்டும் வரை காய்ந்த தூளாக இருக்கும். தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை வாங்கிக் கரைந்து திரவமாகிவிடும். சமையல் உப்புக்கு அந்த வரம்பு 75 சதவீதம், பொட்டாசியம் குளோரைடுக்கு ஏறத்தாழ 84. கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். சென்னைக் கடற்கரையில் ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே இறங்கும் நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே சாந்தோம் பக்கத்து பங்களா ஒன்றின் அலமாரியில் தூங்கும் துப்பாக்கிக்குள் உப்புநீர்ப் படலம் ஒன்று ஓயாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

குளோரைடு அயனி இரும்பைப் பரவலாக அரிப்பதோடு நிற்பதில்லை. ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு கிணறு வெட்டும். வெட்டிய குழிக்குள் அமிலத்தன்மை கூடும், வெளியிலிருந்து மேலும் குளோரைடு உள்ளே இழுக்கப்படும், குழி இன்னும் ஆழமாகும். எண்ணெய் தடவினால் சரியாகிவிடும் என்று நம்பியவர்கள் நிறைய. உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய்க்கு அடியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். அந்தக் காலத்து விவரமான வேட்டைக்காரர்கள் வேட்டை முடிந்த கையோடு குழலில் வெந்நீரை ஊற்றிக் கழுவியதற்குக் காரணம் இதுதான். துருப்பிடிக்கும் பொருளைத் தண்ணீரில் குளிப்பாட்டுவது பார்ப்பவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். வேதியியல்படி அதுவே சரி. குளோரேட் இல்லாத கேப்புகள் பரவியபின் இந்தத் தொல்லை ஓய்ந்தது. ஆனால் அதற்குள் பல குழல்கள் அம்மைத்தழும்பு முகத்தோடு நின்றுவிட்டன.

குழியை மறைக்க உட்சுவரைத் தேய்த்து மெருகேற்றுவார்கள். தேய்க்கத் தேய்க்கத் துளை அகலும், சுவர் மெலியும். பன்னிரண்டு போர் என்றால், அந்தத் துளையில் சரியாக அடங்கும் ஈயக் குண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்று கணக்கு. விட்டம் 18.5 மில்லிமீட்டர். குழலின் நடுப்பகுதியில் சுவரின் கனம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் நல்ல பட்டறைக்காரர் கையில் வாங்கவே தயங்குவார். அந்தக் கட்டத்தில் புதுக்குழல்தான் வழி.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் கலைக்க வேண்டியிருக்கிறது. “இன்னொரு உடைந்த துப்பாக்கியின் குழலைக் கழற்றி இதில் மாட்டியிருப்பார்கள்” என்று பலர் சாதாரணமாகச் சொல்வார்கள். கையால் செய்த இரட்டைக்குழலில் அது அவ்வளவு சுலபமில்லை. குழலின் அடியிலிருக்கும் இரும்புக் கொக்கி ஆக்‌ஷனின் குறுக்குக் குச்சியில் மாட்டிச் சுழல வேண்டும். மூடும்போது குழலின் பின்முகம் ஆக்‌ஷனின் நெற்றியோடு இடைவெளியில்லாமல் ஒட்ட வேண்டும். பட்டறைக்காரர் எண்ணெய் விளக்கின் புகைக்கரியைப் பரப்பில் பிடிப்பார், குழலை மாட்டி மூடித் திறப்பார். உரசிய இடத்தில் கரி அழிந்து இரும்பு பளிச்சென்று தெரியும். அந்தப் புள்ளியில் மட்டும் அரத்தால் ஓர் இழுப்பு. மறுபடி கரி, மறுபடி மூடல். நாள்கணக்கில் நடக்கும் வேலை இது. ஒரே பட்டறையில், ஒரே வாரத்தில் பிறந்த இரட்டைப் பிறவித் துப்பாக்கிகளில்கூட ஒன்றன் குழல் மற்றொன்றில் சரியாக உட்காரும் என்று சொல்ல முடியாது. வேறு துப்பாக்கியின் குழலை அப்படியே செருகியிருந்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாலே மூட்டில் கோடு போல ஒளி கசியும்.

முறையாகக் குழல் மாற்ற இரண்டு வழி. தயாரித்த கம்பெனியே புதுக்குழல் செய்து, பழைய எண்ணையே அதிலும் அடித்துக் கொடுப்பது முதல் வழி, செலவு அதிகம். மலிவான இன்னொரு வழியில் பழைய குழலின் பின்பக்கத்தில் சில அங்குலம் மட்டும் விட்டுவிட்டு மீதியை அறுத்தெறிவார்கள். மிஞ்சிய தொட்டியைக் குடைந்து அதற்குள் புதுக் குழாய்களைச் செருகிப் பற்றவைப்பார்கள். கொக்கியும் அடித்தட்டும் பழையவை என்பதால் புகைக்கரி வேலை மிச்சம், வரிசை எண்ணும் அப்படியே இருக்கும். அதாவது எண்கள் எல்லாம் பொருந்தும், ஆனால் முக்கால்வாசிக் குழல் நேற்று வந்தது! பிரிட்டிஷ் விதிப்படி இத்தகைய குழலில் ‘ஸ்லீவ்டு’ என்று முத்திரை அடித்தாக வேண்டும். அது கண்ணில் படாவிட்டால் விரல் நகத்தைக் குழலின் மேல் பின்னாலிருந்து முன்னால் இழுத்துப் பார்க்கலாம். தோட்டா அறையைத் தாண்டியதும் மெல்லிய மோதிரம் போல ஓர் ஒட்டு இடறும். எண் பொருந்தினால் எல்லாம் அசல் என்று நினைப்பவர்கள் இந்த மோதிரத்தை ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும்.

இந்தக் குழப்பத்தில் எண்ணைவிட நம்பகமான சாட்சி சோதனை முத்திரை என்பது என் எண்ணம். லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு 1637-லேயே சாசனம் கிடைத்தது. பர்மிங்காமில் 1813-இல் சட்டப்படி சோதனைச் சாலை வந்தது. வழக்கத்தைவிட அதிக மருந்து வைத்து அங்கே சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை, தாங்காவிட்டால் பழைய இரும்பு. அந்த முத்திரைகள் சட்டம் மாறும்போதெல்லாம் மாறின. ‘குண்டுக்கு உகந்ததல்ல’ என்று பொருள்படும் ஆங்கில வாசகம் இருந்தால் அந்தக் குழல் 1875-க்கும் 1887-க்கும் இடையில் சோதிக்கப்பட்டது. வைரக்கட்டத்துக்குள் 12 என்ற எண் இருந்தால் 1887-க்குப் பின். அறையின் நீளத்தைப் பொறிக்கும் வழக்கம் 1925-க்குப் பின். ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் என்று அழுத்தம் எழுதியிருந்தால் 1954-ஐத் தாண்டியாயிற்று. 1880-இல் செய்த ஆக்‌ஷனின் மேல், பழைய முத்திரை எதுவும் இல்லாமல் டன் கணக்கு மட்டும் எழுதிய குழல் உட்கார்ந்திருந்தால் வேறு விசாரணை எதற்கு? பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து முத்திரை மட்டும் உள்ள குழல் பர்மிங்காம் முத்திரையுள்ள ஆக்‌ஷனில் இருந்தாலும் அப்படித்தான். ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வைக்க வேண்டும். இரும்பும் எஃகும் திரித்து, பாய்ப் பின்னல் போலக் கோலம் காட்டும் டமாஸ்கஸ் குழாய்களை ஆங்கிலேயப் பட்டறைகள் லியேஜிலிருந்து முரட்டு நிலையிலேயே வாங்கித் தம் ஊரில் சீவிச் சோதித்தன. அப்போது பிறப்பு பெல்ஜியம், முத்திரை பர்மிங்காம்.

சென்னைக்கென்று தனிச் சிக்கல் ஒன்று. மவுண்ட் ரோடில் கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஓர் அண்ட் சன்ஸ் துப்பாக்கியும் விற்றது; ஓக்ஸ் கம்பெனியும் விற்றது. இங்கிலாந்தில் செய்வித்து, இரு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டியில் தங்கள் பெயரையும் ‘மதராஸ்’ என்பதையும் பொறித்து வாங்கினார்கள். பெயர் இருப்பது குழலோடு ஒட்டிய பட்டியில். குழல் போனால் பெயரும் போகும். வேறொரு குழல் வந்தால் வேறொரு கடையின் பெயர் வரும். பெரிய ஆங்கிலேயக் கம்பெனிகள் எந்த எண்ணை எந்த ஆண்டில், எவ்வளவு நீளக் குழலோடு, யாருக்கு விற்றோம் என்று பேரேடு வைத்திருந்தன. இன்றும் கேட்டால் பார்த்துச் சொல்கிற கம்பெனிகள் உண்டு. மவுண்ட் ரோடு கடைகளுக்காகச் செய்துகொடுத்த பேர் தெரியாத பர்மிங்காம் பட்டறைகளின் ஏடுகள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அங்கே முத்திரையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் நேர்மையான பொருந்தாமை. எண்ணை யாராவது அரத்தால் அராவி எடுத்துவிட்டால், அல்லது அராவிய இடத்தில் வேறு எண்ணை அடித்துவிட்டால், விவகாரம் காமராஜர் சாலைக் கட்டடத்தைப் போன்ற ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போகும்.

எஃகு அச்சை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடிக்கும்போது நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். உலோகம் என்பது கோடிக்கணக்கான நுண்படிகங்களின் தொகுப்பு. அவற்றுக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கின்றன. அச்சு இறங்கும்போது பள்ளம் விழுவதோடு, பள்ளத்துக்கு அடியிலும் பக்கத்திலும் அந்த அடுக்குகள் நசுங்கிக் குலைகின்றன. மேலே தெரியும் எண்ணுக்குக் கீழே, அதே வடிவத்தில், கண்ணுக்குத் தெரியாத இன்னோர் எண் உலோகத்தின் உள்ளே எழுதப்பட்டுவிடுகிறது. அராவுபவர் கண்ணுக்குத் தெரியும் பள்ளம் மறைந்ததும் திருப்தியாகி நிறுத்திக்கொள்வார். குலைந்த அடுக்கு அங்கேயே இருக்கும். நசுங்கிய படிகங்களில் கூடுதல் ஆற்றல் தேங்கியிருப்பதால் அமிலத்தோடு அவை வேறுவிதமாக வினைபுரியும். இந்தச் சின்ன வித்தியாசத்தை நம்பித்தான் மொத்த முறையும் இருக்கிறது.

ஆய்வாளர் முதலில் காந்த முறையை முயல்வார், அதில் உலோகம் கரையாது என்பதால். இரும்பைக் காந்தமாக்கி, எண்ணெயில் கலந்த நுண்ணிரும்புத் தூளை ஊற்றினால், அடுக்கு குலைந்த இடத்தில் காந்தப்புலம் தடுமாறும். தூள் அங்கே திரளும். அது கைகொடுக்காவிட்டால் பரப்பைக் கண்ணாடிபோல் மெருகேற்றிவிட்டு அமிலம். எஃகுக்குப் பெரும்பாலும் காப்பர் குளோரைடு, ஹைட்ரோகுளோரிக் அமிலம், தண்ணீர் மூன்றும் கலந்த ஃப்ரை கரைசல். பஞ்சில் நனைத்து மெதுவாகத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சில நிமிடங்களிலும் வரலாம், சில மணி நேரமும் ஆகலாம். முதலில் நிழல் மாதிரி ஒரு வளைவு. 3-ஆ 8-ஆ என்று சொல்ல முடியாது. துடைக்கத் துடைக்க இடப்பக்கம் மூடினால் 8. எல்லா இலக்கங்களும் ஒன்றாகக் கிளம்பிவருவதும் இல்லை. ஆழமாக அடித்தது ஒரு நேரம், லேசாக அடித்தது ஒரு நேரம். கடைசி இலக்கம் தலைகாட்டும்போது முதல் இலக்கம் மங்கியிருக்கும். அதனால் ஒவ்வொன்றும் தெரியும் கணத்திலேயே படம் எடுத்தாக வேண்டும். அமிலம் தின்ற அடுக்கு திரும்ப வராது. புது எண்ணை மேலே அடித்திருந்தால் சில சமயம் பழையதும் புதியதும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும், எழுதியழித்த சிலேட்டைப் போல.

நேர்மையான பொருந்தாமையையும் அராவிய எண்ணையும் சட்டம் வேறாகத்தான் பார்க்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, துப்பாக்கியிலுள்ள பெயரையோ எண்ணையோ அழிப்பதும் திருத்துவதும் குற்றம் என்கிறது. அதோடு, அழிக்கப்பட்ட துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்தார் என்று அனுமானிக்கவும் இடம் தருகிறது. இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. தாத்தா காலத்தில் யாரோ அராவியதற்குப் பேரன் பதில் சொல்ல வேண்டிவரும் என்பது எனக்குக் கொஞ்சம் கடுமையாகவே படுகிறது. 5-ஆவது பிரிவின்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் சோதிக்கவுமே தனி லைசென்ஸ் வேண்டும் என்பதால், தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்துக் குழலைச் சரிசெய்வது நடக்காது. சட்டத்தின் பார்வையில் துப்பாக்கியின் பாகங்களும் துப்பாக்கியே. பரணில் கிடக்கும் உபரிக் குழல் பழைய இரும்பு ஆகிவிடாது. பழுது பார்த்தாலும் சுட முடியாத தொல்பொருளுக்கு 45-ஆவது பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் நூறு வயது என்பது மட்டுமே அந்த விலக்குக்குப் போதாது, சுட முடியாது என்பதும் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்றாகிவிட்டதால், எது முழுத் துப்பாக்கி, எது அதன் இரண்டாம் ஜோடிக் குழல் என்ற கேள்விக்கும் இப்போது எடை கூடியிருக்கிறது. குழல் மாறியிருப்பது தெரிந்தால் லைசென்ஸ் அதிகாரிக்கு எழுதிக் கொடுத்து, இரண்டு எண்களையும் பதிவேட்டில் ஏற்றிக்கொள்வதே உத்தமம். சென்னையில் அது போலீஸ் கமிஷனர், வெளிமாவட்டங்களில் கலெக்டர்.

பதிவேட்டில் எந்த எண்ணுக்கு முதலிடம் என்று கேட்டால் ஆக்‌ஷனில் உள்ளதற்கு. தடயவியல் காரணமும் இருக்கிறது. ரிவால்வர், ரைஃபிள் குழல்களின் உட்சுவரில் திருகு வரிகள் உண்டு. அவை குண்டின் மேல் கீறல் போடுவதால், குண்டைப் பார்த்துக் குழலைச் சொல்லலாம். ரவைத் துப்பாக்கியின் குழல் வழவழப்பானது. அதிலிருந்து சிதறும் நூற்றுக்கணக்கான ஈய ரவைகள், எந்தக் குழல் வழியாக வந்தன என்பதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது. அங்கே கிடைக்கும் துப்பு, கீழே விழுந்த காலித் தோட்டாவின் கேப்பில் அடிமுள் குத்திய தழும்பும், அதன் பின்முகத்தில் ஆக்‌ஷனின் நெற்றி பதித்த அரத்தடமும்தான். அடிமுள்ளும் நெற்றியும் ஆக்‌ஷனைச் சேர்ந்தவை. குழலை எத்தனை முறை மாற்றினாலும் அவை மாறாது.

எண்ணைவிட அவசரமாக வாரிசு பார்க்க வேண்டியது அறையின் நீளத்தை. பழைய ஆங்கிலேயக் குழல்களில் அது பெரும்பாலும் இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர் அளவு. இன்று கடையில் கிடைக்கும் தோட்டாக்களில் 70 மில்லிமீட்டர் உண்டு. அது பழைய அறைக்குள் தாராளமாக நுழைந்து உட்கார்ந்துகொள்ளும், மூடவும் மூடும், ஏனென்றால் தோட்டாவின் வாய் மடிந்திருக்கிறது. சுடும்போது அந்த மடிப்பு விரியும் இடத்தில் குழல் குறுகத் தொடங்கியிருக்கும். வழி அடைபட்டு, அழுத்தம் அந்தக் குழல் சோதிக்கப்பட்ட அளவைத் தாண்டி எகிறலாம். எண் பொருந்தாத துப்பாக்கியில் ஆக்‌ஷனின் வயதை வைத்து அறையின் நீளத்தை ஊகிக்கவே கூடாது. லைசென்ஸ் உள்ள பட்டறையில் கொடுத்து, அறையையும் சுவரின் கனத்தையும் அளவுகோல் வைத்து அளந்து எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.